ஆறாம் வட்டம்

சௌந்திரம் டீச்சர் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர். நாமக்கல்லுக்கு மேற்கே ஏழெட்டு மைல் தள்ளி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே நின்ற ஓர் ஓட்டுக் கட்டடம்தான் பள்ளிக்கூடம். எழுபத்து மூன்றில் அங்கே வேலைக்கு வந்தார். கணவர் லாரியோடு வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும்; பிள்ளை குட்டி கிடையாது. அதனால் அந்த நாற்பது வாண்டுகள்தாம் டீச்சருக்கு உலகம். வாண்டுகளுக்கும் அவரைப் பிடிக்கும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அவர் யாரையும் உட்கார வைத்துப் பாடம் சொல்ல மாட்டார்.

எழுத்தென்றால் மணலில் விரல் வைத்து எழுத வேண்டும். கூட்டலுக்குப் புளியங்கொட்டை. கழித்தலுக்கு நொண்டி: ஏழு கட்டம் தாண்டிப் போ, மூன்று கட்டம் திரும்பி வா, எங்கே நிற்கிறாய் சொல். பாடத்தையும் ஆட்டத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிற ஆள் என்று தலைமையாசிரியர் குழந்தைவேல் கேலி பேசுவார். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள், அந்த வயிற்றெரிச்சலும் கேலியில் கொஞ்சம் கலந்திருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை கைவிட்டது. கிணறுகள் அடிப்பாறை தெரிய வறண்டு கிடந்தன. காசுள்ளவன், இல்லாதவன் எல்லோரும் கிணற்றை ஆழப்படுத்த ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சோளக்காடு தள்ளியிருந்த மருதாசலத்தின் கிணற்றிலும் வேலை நடந்தது. காலையில் பாறையில் குழி போட்டு வெடிமருந்தை அடைத்துக் கெட்டிப்பார்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திரியில் தீ வைத்துவிட்டு மேலே ஏறி ஓடுவார்கள். "வெடி! வெடி!" என்று கூவல் கேட்கும். அப்புறம் ஒவ்வொன்றாக வெடிக்கும்.

வெடி வைக்கிற சடையன் தன் மகள் சின்னாயியைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட வரும்போது, அந்த வேலையின் சட்டத்தை டீச்சருக்குச் சொல்லியிருந்தான்.

"எத்தன குழி போட்டமோ அத்தன சத்தம் கேக்கோணுங்க டீச்சரம்மா. ஒண்ணு கொறைஞ்சாக்கூட அன்னிக்கு ஒருத்தரும் கெணத்துல எறங்கப் படாதுங்க. உள்ள ஒண்ணு உசுரோட கெடக்குதுன்னு அர்த்தமுங்க."

கேட்டதும் டீச்சருக்கு ஒரு யோசனை. விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புத் தூளால் பத்து வட்டம் போட்டார், வரிசைக்கு ஐந்தாக. வெடிச் சத்தம் ஆரம்பித்ததும் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ண வேண்டும். கடைசிச் சத்தம் அடங்கியதும் ஓடிப்போய் அந்த எண் வட்டத்தில் நிற்க வேண்டும். கணக்கும் ஆச்சு, ஓட்டப் பந்தயமும் ஆச்சு. பார்வையிட வந்த கல்வி அதிகாரி மூக்கில் விரல் வைத்தார். பார்வைப் புத்தகத்தில் முக்கால் பக்கம் புகழ்ந்து எழுதிவிட்டுப் போனார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேதான் சனி பிடித்தது என்பேன்.

சடையனுக்கும் அந்த ஆட்டத்தில் ஏகப் பெருமை. "கெணத்து மேட்டுல நின்னா உங்க வட்டமெல்லாம் அப்புடியே தெரியுதுங்க. எங்களுக்குள்ள சந்தேகம் வந்துச்சுன்னா புள்ளைக எங்க நிக்குதுன்னுதான் பாக்கறது" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான். டீச்சரும் சிரித்தார். நாற்பது பிள்ளைகளை நம்பி ஒருவன் பாதாளத்தில் இறங்குகிறானே என்று அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாசி மாதத்து வியாழக்கிழமை அது. முதல் நாள் சாயங்காலம் மருதாசலத்தின் கிணற்றில் தண்ணீர் கசிந்திருந்தது. ஊரே அதைத்தான் பேசியது. சின்னாயியைக் கொண்டுவந்து விட்ட சடையன் முகத்திலும் அந்தக் களை இருந்தது.

"இன்னிக்கு ஏழுங்க டீச்சரம்மா. இதோட ஊத்து தொறந்துருமுங்க" என்றான். மகள் தலையைத் தடவினான். "எண்ணிப் போடோணும், என்ன?"

சின்னாயிக்கு ஆறு வயது. வகுப்பில் கடைசி வரிசை. மற்ற பிள்ளைகள் இருபது எண்ணி முடிக்கும்போது இவள் எட்டில் இருப்பாள். ஓட்டத்திலும் கடைசிதான்.

தலைமையாசிரியர் அன்றைக்கு நாமக்கல்லில் கூட்டத்துக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குத் திடலில் பிள்ளைகளை நிறுத்திவிட்டு, டீச்சர் வேப்ப மரத்தடியில் சத்துணவுப் பதிவேட்டில் தலைக்கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். காற்றே இல்லை. கூவல் கேட்டது. பூமி அதிர அதிர வெடித்தது. ஓடுகள் கிடுகிடுத்தன. சத்தம் அடங்கியதும் மருதாசலத்தின் மகன் மணியன் முதல் ஆளாகப் பாய்ந்தான். மேச்சேரி ஆட்டுப் பட்டியில் முதல் ஆடு தாவினால் மீதியும் தாவுமே, அப்படி அத்தனை பிள்ளைகளும் அவன் பின்னால் ஓடி ஏழாம் வட்டத்தில் முண்டியடித்து நின்றன.

சின்னாயி மட்டும் ஆறில் நின்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. டீச்சர் பேனாவை மூடிவிட்டு வந்தார்.

"எத்தன வெடிச்சுது கண்ணு?"

"ஆறுங் டீச்சர்."

"எல்லாரும் ஏழுங்கறாங்க, நீ மட்டும் ஆறுங்கறயா? உங்கய்யன் காத்தால என்ன சொன்னாரு?"

"அய்யன் ஏழுன்னுதானுங்க சொன்னாரு. ஆனா ஆறுதானுங்க வெடிச்சுது."

டீச்சருக்குச் சலிப்பாக இருந்தது. அடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சின்னாயியின் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்திக்கொண்டு போய் ஏழாம் வட்டத்துக்குள் நிறுத்தினார். "இதுதான் ஏழு. நல்லாப் பாத்துக்க" என்றார். சிறிது நேரம் அப்படியே நிற்க வைத்துவிட்டு எல்லோரையும் சாப்பாட்டுக்கு அனுப்பினார்.

புகை அடங்க அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் கிணற்றில் ஆள் இறங்குவார்கள். அந்த அரை மணியை டீச்சர் எப்படிக் கழித்தார் என்று கேட்டால் நெஞ்சு பொறுக்காது. தட்டுகளை எண்ணினார். சமையல் பெருமாயியிடம் சாம்பார் தண்ணியாக இருப்பதாகக் குறைபட்டார். ஒரு தட்டு மிஞ்சியது.

"சின்னாயி எங்க?"

"அங்கயே நிக்கறா டீச்சர், வெயில்ல" என்றான் மணியன்.

சின்னாயி மறுபடி ஆறாம் வட்டத்துக்கே போய் நின்றிருந்தாள். அழவில்லை. வலக்கையில் ஐந்து விரலும் இடக்கையில் ஒரு விரலும் மடங்கியிருந்தன. மடக்கிய விரலை அவள் இன்னும் நிமிர்த்தவே இல்லை.

அதைப் பார்த்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. மணியனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எண்ணினயா சாமி?"

"இல்லீங் டீச்சர். காத்தாலயே எங்கப்பா ஏழுன்னு சொல்லிட்டாருங்க."

பக்கத்திலிருந்தவளைக் கேட்டார். "மணியன் ஓடுனானுங்க, நானும் ஓடுனனுங்க." அதற்கடுத்தவனும் அதையே சொன்னான். நாற்பது பேரில் எண்ணியது ஒருத்தி. டீச்சர் எண்ணினாரா? மாதக் கணக்காக அவர் எண்ணியதே இல்லை. காலையில் சடையன் சொல்லும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"பெருமாயி, புள்ளைகளப் பாத்துக்க!" என்று கத்திவிட்டு ஓடினார்.

கட்டாந்தரையில் செருப்பு ஒன்று கழன்றது. மற்றதையும் உதறினார். சோளத்தட்டைக் கட்டைகள் காலைக் கிழித்தன. "எறங்காதீங்க! ஆரும் எறங்காதீங்க!" என்று கூவினார். மூச்சு வாங்கியதில் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போயிற்று. கிணற்று மேட்டில் மருதாசலம் நிற்பது தெரிந்தது. அவரும் டீச்சரைப் பார்த்துவிட்டார். சந்தோஷமாகக் கையை வீசினார்.

"தண்ணி பாக்க வாரீங்களாட்டருக்குது டீச்சர்! வாங்க, வாங்க!"

அப்போது வெடித்தது. முன்பு வெடித்தவை போல இல்லை, ஒற்றைச் சத்தம், ரொம்பப் பக்கத்தில். மேட்டின் மேல் புகையும் கல்லும் எழுந்து விழுந்தன. டீச்சர் மேட்டுக்குப் போனார், போகாமல் இருக்க முடியவில்லை.

கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க யாரும் விடவில்லை. மருதாசலம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"எங்களுக்கும் ஆறுதானுங்க கேட்டுச்சு டீச்சர். கசிவுத் தண்ணில திரி நனைஞ்சிருக்குமோன்னு சடையன் சந்தேகப்பட்டான். ரெண்டு சேந்து வெடிச்சிருக்குமுன்னு நாஞ் சொன்னேன், அவன் கேக்கல. அப்பவே உங்க புள்ளைகளத் திரும்பிப் பாத்தான். எம் புள்ளையக்கூட டீச்சரு ஏழுல நிக்க வெச்சிருக்கறாங்க பாருங்கன்னு சொல்லிப்போட்டு..."

அதற்கு மேல் டீச்சரின் காதில் எதுவும் விழவில்லை. திரும்பிப் பார்த்தார். சடையன் சொன்னது சரி. மேட்டிலிருந்து பத்து வட்டமும் பளிச்சென்று தெரிந்தன.

யாரோ டவுனுக்கு ஆள் அனுப்பினார்கள், யாரோ சடையன் வீட்டுக்கு ஓடினார்கள். டீச்சர் வெறுங்காலோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். பிள்ளைகள் எல்லாம் வராந்தாவில் பெருமாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒண்டியிருந்தன. திடலில் ஒருத்தி மட்டும் இருந்தாள். ஆறாம் வட்டம் காலியாக இருந்தது. சின்னாயி ஏழாம் வட்டத்தில், இடக்கையில் இரண்டாவது விரலையும் மடக்கியபடி நின்றாள்.

"இப்பத்தானுங் டீச்சர் ஏழு" என்று சொல்லிவிட்டு, சரிதானே என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.