அரைப் படியும் ஆட்டோகிராஃபும்

தாசில்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர். மிராசுதார் சாம்பசிவம். அவருடைய கணக்குப்பிள்ளை. அறுப்புக்காரர்கள் சார்பில் பாக்கியம் அக்கா. ஓரத்து நாற்காலியில் நான்.

போன வாரம். வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ். கூலிப் பேச்சுவார்த்தை.

எனக்கு அங்கே என்ன வேலை? சும்மா ஊருக்குப் போயிருந்தேன். தாசில்தார் ஜீப் அனுப்பினார். “கவிஞர் பக்கத்துல இருந்தா ரெண்டு தரப்பும் சத்தம் போட மாட்டாங்க” என்றார். நான் உட்கார்ந்ததும் பையைத் திறந்தார். உள்ளே ஆட்டோகிராஃப் நோட்டு. மனைவியுடையதாம்.

ஜீப் ஏன் வந்தது என்று அப்போது புரிந்தது.

விவகாரம் சின்னது. ஒரு கலம் நெல் அறுத்து, அடித்து, தூற்றிக் கொடுத்தால் இத்தனை படி கூலி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் அரைப் படி கூட்டிக் கேட்கிறார்கள். மிராசுதார் முடியாது என்கிறார். பத்து நாளாக யாரும் அரிவாளைத் தொடவில்லை. குறுவைக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அவருக்கு நெல் இல்லை, இவர்களுக்குக் கூலி இல்லை. வெளியூர் ஆளை இறக்குவேன் என்கிறார் அவர். இறக்கிப் பாருங்க என்கிறார்கள் இவர்கள். இன்ஸ்பெக்டர் வந்தது அதற்குத்தான்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

“அந்த நிலாப் பாட்டு நீங்க எழுதினதுதானே சார்?”

“இல்லைங்க.”

“பரவாயில்லை, போடுங்க.” சிகரெட் பெட்டியை நீட்டினார்.

எதில்தான் கேட்கவில்லை? பஸ் டிக்கெட்டில். உடைந்த கையின் மாவுக்கட்டில். சீர்காழியில் ஒருவர் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார் — யாருடைய கல்யாணமோ! ஆறாவதோடு நின்றவன் நான். இவ்வளவு எழுதியிருந்தால் அப்போதே பாஸாகியிருப்பேன்.

பேச்சு நகரவில்லை.

“எங்கப்பா காலத்துல இப்படிக் கேட்டிருக்கீங்களா?” என்றார் மிராசுதார்.

“உங்கப்பா வாயைத் தொறக்கவே விடலியே. எங்கேருந்து கேக்குறது?” என்றார் பாக்கியம் அக்கா.

“பாத்தீங்களா தாசில்தார் சார், இந்தப் பேச்ச!”

“பேச்சுக்கும் சேத்துதாங்க அரைப் படி.”

டீ வந்தது. மிராசுதார் என்னைப் பார்த்து, “எடுத்துக்கங்க கவிஞரே, ஆறிடப் போவுது” என்றார். அக்காவிடம், “ம், எடு.” நானும் அக்காவும் ஒரே தெரு. மிராசுதாரின் அப்பா வயலில் நானும் கதிர் அறுத்தவன். அது அவருக்கு மறந்துவிட்டதா, பேப்பரில் என் பெயர் வந்ததும் கழன்றுவிட்டதா... தெரியவில்லை.

அவரும் ஒரு நோட்டை எடுத்தார். ரோஜா நிறம்.

“பொண்ணு கும்பகோணத்துல காலேஜ் படிக்குது. கவிஞர் கையெழுத்து இல்லாம வீட்டுக்கு வராதீங்கன்னுடுச்சு. கூடவே ரெண்டு வரி கவிதை...”

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

“போடுறேங்க. மொதல்ல நீங்க அதுல போடுங்க.”

தாசில்தார் முன்னால் கிடந்த ஒப்பந்தத் தாளைக் காட்டினேன்.

“கவிஞரே, இது மிரட்டல்.”

“ஆமாங்க.”

வெளியே இடி உருண்டது. கணக்குப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். “கையெழுத்து இல்லாமப் போனா பாப்பா அழுவுங்க” என்றார் மெல்ல. அவர் நெல்லை நினைத்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மிராசுதார் எழுந்தார். வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இவங்க கேட்டாங்கன்னு இல்ல. கவிஞர் கேட்டாரு. அதுக்காகக் குடுக்குறேன்.”

போட்டார். அக்காவும் போட்டார்.

நெல் முளைத்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். தோற்ற மாதிரி தெரியாமல் இறங்கி வர ஓர் ஏணி வேண்டியிருந்தது. கூலிக்காரர் கேட்டுக் கொடுத்தால் கௌரவக் குறைச்சல். பிரபலம் கேட்டுக் கொடுத்தால் தாராள மனசு! கவிஞனால் நாட்டுக்கு என்ன பயன் என்கிறார்களே — ஏணி.

அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள். தாசில்தார், மிராசுதார், கான்ஸ்டபிள்கள், பியூன், டீ கொண்டு வந்தவர்... போட்டேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அக்கா தன் பிரதியை மடித்து மடியில் சொருகிக்கொண்டிருந்தார்.

“உனக்கு வேணாமாக்கா?”

“எனக்கு எதுக்குடா? ஒன் கையெழுத்தக் காட்டுனா களத்துல நெல் அளந்து போடுவானா?” வாசலில் இறங்கி நின்று திரும்பினார். “நாளைக்கு ஊரெல்லாம் கவிஞர் கேட்டாரு, குடுத்தேன்னுதான் சொல்லுவாரு. பத்து நாளு பட்டினி கெடந்தது யாருடா, நீயா?”

சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிவிட்டார். மழை வருமுன் அறுக்க வேண்டுமே.

அன்று நான் போட்ட கையெழுத்து பதினாறு. பட்டினி வயிற்றோடு வயலில் இறங்கியவர்கள் அறுபத்திரண்டு.