பழத்தட்டுக்குள் ஒரு காது

தானாக ஓடித் தரை கூட்டும் அந்த வட்ட மெஷின் சோபாவின் கீழே புகுந்து மறுபக்கம் வருவதற்குள் தருமராசா அங்கே போய் நின்றுகொள்வார். குனிந்து, சுவரோரமாக ஒரு விரலை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "மூலையை விட்டிட்டு ஓடுறான் கள்ளன். என்னட்டை வேலை செய்திருந்தால் அண்டைக்கே நிப்பாட்டியிருப்பன்." பிறகு தானே தும்புத்தடியை எடுத்து அந்த மூலையைக் கூட்டி முடிப்பார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சிட்னிக்கு வந்து பிறர் அலுவலகங்களின் கழிவறை கழுவத் தொடங்கி, சொந்தமாக மூன்று வான், பதினாறு வேலையாட்கள் என்று நிமிர்ந்தவர். பட்டம் படித்தவர்கள் அவர் கையால் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். வேறு எவருக்கு இது முடியும்? தரை மினுக்கும் மெஷினின் இரைச்சல் வருடக்கணக்காகக் காதைத் தின்றுவிட்டது. அந்தத் தொழிலில் அவர் பட்ட நட்டம் அது ஒன்றுதான்.

மெல்பேணில் இருக்கும் மகள் நிரஞ்சினி போன முறை வந்தபோது வீடு முழுக்கக் கருவிகளைப் பூட்டிவிட்டுப் போனாள். வாசல் மணியை அழுத்தினால் விளக்கு மின்னும். குசினியில், கேட்டதற்குப் பதில் சொல்லும் ஒரு பேசும் பெட்டி. தருமராசாவின் காதுகளில் புதிய கருவிகள், அவற்றோடு தீப்பெட்டியிலும் சிறிய ஒரு மைக். அதை ஒருவரின் உடுப்பில் கொளுவிவிட்டால் அவர் பேச்சு நேரே இவர் காதுக்கு வரும், நடுவில் சுவர் இருந்தாலும்.

வெஸ்ட்மீட்டில் காது பரிசோதித்த பார்கவி, தமிழ்நாட்டுப் பெண், முதல் நாளே சொன்னாள்: "அங்கிள், இதை ஆன்டி மேல மாட்டி விடுங்க. அவங்க மெதுவா பேசினாக்கூட உங்களுக்குக் கேக்கும்."

"எனக்கு நல்லாக் கேக்குது பிள்ளை. அவதான் வாய்க்குள்ளை கதைக்கிறா."

பக்கத்தில் இருந்த மனைவி கமலேஸ்வரி கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார்.

மைக் மேசை லாச்சிக்குள் போனது. ஒருநாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர், மறதியாகப் பழத்தட்டில் வைத்துவிட்டு வளவின் கடைசியில் மஞ்சள் எலுமிச்சைகளோடு நிற்கும் தேசிக்காய் மரத்தடிக்குப் போனார். குசினியில் அரிசி களையும் சத்தம் தோளருகில் கேட்டது! அன்றிலிருந்து வாழைப்பழங்களுக்குப் பின்னால் மைக், மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, கதிரையில் தருமராசா.

"சிறி, நான் இஞ்சை இருந்தே உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு சொல்லுவன்," என்று வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை பேசினார். "இப்ப கடுகு தாளிக்கிறா."

"அது எனக்கும் மணக்குதண்ணை."

"மணமில்லையடாப்பா, காது!"

சிறி சிரித்துவிட்டுப் போனார்.

ஆனால் கடுகுக்குப் பிறகு கேட்டதுதான் அவரை அங்கேயே இருத்தியது. கமலேஸ்வரி பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு ஆளில்லை. தருமராசாவோடு என்றால் சாப்பாடு, மருந்துக் குளிசை, அவ்வளவுதான் பேச்சு. இங்கே கத்தரிக்காயின் விலை, முழங்கால் நோ, கோயில் தேரன்று யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போன செருப்பு என்று ஓடியது. இடையில் ஒரு சிரிப்பு. இவள் இப்படிச் சிரிப்பாளா என்று தருமராசா யோசித்தார். யாரோடு? காதைக் கூர்மையாக்கினார். தமிழ் தெரியாத அந்தப் பெட்டி, தனக்கு விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது.

"அது பறவாயில்லைப் பிள்ளை. நீ என்னைக் கத்த வைக்கிறேல்லை. அது போதும்."

பிறகு நாள்தோறும் கேட்டார். பெட்டியின் மேல் பொறாமையா என்றால், இல்லை என்றுதான் சொல்லுவார்.

ஒரு வியாழக்கிழமை கமலேஸ்வரியின் குரல் இறங்கிப் போயிருந்தது. "மகள் வரச் சொல்லுறாள். போனால் திரும்பி வரமாட்டன் போலை கிடக்கு, பிள்ளை. ஒரு சொல்லை மூண்டு தரம் கத்திச் சொல்ல எனக்கு இனி ஏலாது. அந்தாளுக்குக் கேக்கேல்லையெண்டால் நான் ஆரோடை இருக்கிறன்?"

பெட்டி மன்னிப்புக் கேட்டது.

தருமராசா எழும்பினார். குசினிக்குள் வந்து வாழைப்பழங்களை விலக்கி மைக்கை எடுத்தார். கமலேஸ்வரியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"இது இஞ்சையோ கிடந்தது? எவ்வளவு நாளா?"

"கன நாளா."

"எல்லாம் கேட்டதோ?"

"ஓம்."

"கள்ளன்," என்றார் கமலேஸ்வரி.

தருமராசா ஓரடி கிட்டே வந்தார். மைக்கை மனைவியின் சட்டைக் கழுத்தில் கொளுவினார். பெரிய விரல்கள், கிளிப் இரண்டு முறை வழுக்கியது. பிறகு வெளியே நடந்து, மரத்தடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

காதுக்குள் துணி உரசியது. குளிர்பெட்டி இரைந்தது. கமலேஸ்வரியின் மூச்சு வந்து போனது. அவர் காத்து நின்றார்.

கத்தாத, பெட்டியோடு பேசும் அதே குரல் வந்தது. "ரெண்டு தேசிக்காய் புடுங்கிக்கொண்டு வாங்கோ. பழுத்ததாப் பாத்து."

தருமராசா திரும்பவில்லை. கையை உயர்த்திக் கொப்பை வளைத்து, ஒரு காயை அழுத்திப் பார்த்து விட்டுவிட்டு, அடுத்ததைத் தடவினார்.