ஸ்டெல்லா சுட்டுப் பார்த்த கற்கள்

ஸ்டெல்லாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எட்டு மாதமாக எடுக்காமல் விட்டவள், அன்று ஏனோ எடுத்தேன். பேசியது அவள் கணவர் அந்தோணி அண்ணன். "செல்வி, ஸ்டெல்லா போய்ட்டாம்மா. காலையில நெஞ்சு வலின்னா..." என்றார்.

சிப்காட் தொழிற்பேட்டையில் அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்களும், எங்கள் நகைகளை வாங்கியவர்களும் இதைப் படிக்கக்கூடும். அந்த வேலையை விட்டபின் நான்கு வருடம், கடலூரில் என் வீட்டுக்குச் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து வெள்ளிக் களிமண்ணில் என்னோடு நகை செய்தாள். வெள்ளித்தூளும் பசையும் கலந்த மண் அது. உருவம் பிடித்துக் காயவைத்துச் சூளையில் சுட்டால் பசை எரிந்து வெள்ளி மட்டும் நிற்கும். சூடு தாங்குகிற கல்லாக இருந்தால் மண்ணிலேயே பதித்துச் சுடலாம். தாங்குமா தாங்காதா என்று தனியாகச் சுட்டுப் பார்க்காமல் ஸ்டெல்லாவுக்குச் சோறு இறங்காது. ஊதா நிறச் செவ்வந்திக்கல் வெளுத்துப் போனது. செயற்கைச் சிவப்புக் கல் அப்படியே வந்தது. "டூப்ளிகேட்டுன்னு எளக்காரமா பேசாத செல்வி. அதுதான் நின்னுச்சு பாரு" என்பாள்.

ஒரு அம்மாள் முத்து பதித்த மோதிரம் கேட்டு ஒற்றைக்காலில் நின்றார். "சுட்ட பொறவு ஒட்டித் தரேங்க. உள்ள வெச்சு சுட்டா சுண்ணாம்புதான் மிஞ்சும், வெத்தலைக்கு ஆவும்" என்றாள் ஸ்டெல்லா. அவரும் சிரித்துவிட்டார்.

என் அம்மா விட்டுப்போனது ஒரு மூக்குத்திக் கல் மட்டும்தான். மாணிக்கம் என்று சொல்லியே வைத்திருந்தார். அதை ஒரு பதக்கத்தில் பதிக்க ஆசைப்பட்டேன். "இருக்கறது ஒரே கல்லு, சுட்டுப் பாக்க முடியாது. வெள்ளிய மட்டும் சுடுவோம், ஆறுன பொறவு கல்ல வெச்சுக்கலாம்" என்றாள். அவள் வராத ஒரு நாள், பொறுமையில்லாமல் கல்லோடு சேர்த்தே சுட்டேன். சூளையைத் திறந்தால், கல் உருகிக் குழியில் கலங்கிக் கிடந்தது. அது வெறும் கண்ணாடி.

மறுநாள் வந்த ஸ்டெல்லா அதை நெடுநேரம் பார்த்தாள். "அம்மா பொய் சொல்லல. அவுங்ககிட்டயும் யாரோ மாணிக்கம்னுதான் சொல்லியிருப்பாங்க." ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கம்மாவப் பத்தி நீ பேசாத. சூட்டத் தப்பா வெச்சது நீதான்" என்று கத்தினேன். முந்தைய நாள் அவள் கடலூருக்கே வரவில்லை. அவள் அதைக்கூடச் சொல்லவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் வெட்கம் என்னை எடுக்கவிடவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்தன்று அந்தோணி அண்ணன் ஒரு சிறு பொட்டலம் தந்தார். "உனக்குன்னு வெச்சிருந்தா. நேர்லதான் குடுப்பேன்னா." உள்ளே ஒரு சிவப்புக் கல்லும் ஒரு சீட்டும் இருந்தன. "அம்மா கல்லு நெறமே கெடச்சுது. கோவம் தீந்ததும் வா, சேந்து செய்வோம்."

கல்லும் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது, ஸ்டெல்லா. சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். எட்டு மாதம் நான் அதில் ஏறவில்லை.