பத்து நகத்திலும் ஒரு கோடு

கட்டைவிரல் நகத்தின் மீது மறுகை விரலை மெல்ல ஓட்டினால், பாதி வழியில் குறுக்கே ஒரு பள்ளம் தட்டுப்படும். என் ஒன்பதாவது வயதில், இலங்கையின் புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயிருந்த றப்பர் தோட்டத்தில், பத்து விரல்களிலும் அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பது எனக்கு விளையாட்டாகவே இருந்தது. நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் "புதுத்துணி வரும்" என்பார்கள், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள்; குறுக்குக் கோட்டுக்கு அவர்களிடம் பலன் எதுவும் இல்லை.

அம்மா அப்போது குவைத்தில், படுக்கையிலிருந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். எனக்கு டெங்கு கண்டு கேகாலை ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும், றப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையை விட்டுவிட்டு என் கட்டிலருகிலேயே இருந்த அப்பா, வராந்தாவுக்குப் போய் நின்று, "புள்ள கிளாசுக்குப் போயிருக்கா" என்று சொல்லிச் சமாளித்தார். தேறி வீடு வந்ததும், "அம்மாகிட்ட சொல்லிறாத, அங்க தனியா கெடந்து அழுவா" என்று என்னிடமும் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அம்மா விடுமுறையில் வந்தார். மறுநாள் காலை என்னை மடியில் சாய்த்து நகம் வெட்டத் தொடங்கியவரின் கை சட்டென்று நின்றது. ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளைக்கு எப்பங்க பெரிய காய்ச்சல் வந்துச்சு?"

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். குவைத்தில் அம்மா பார்த்துக்கொண்ட அந்த மூதாட்டிக்கு நிமோனியா வந்து தேறிய பின்பும் இதே கோடு விழுந்ததாம். உடம்பு கடுமையாகப் படுத்தால் நகம் வளர்வதும் கொஞ்ச நாள் நின்றுபோய், பிறகு இப்படிப் பள்ளமாக வெளியே வரும் என்று அங்கே வந்த நர்ஸ் சொல்லியிருந்தாராம்.

"நீ பயந்துடுவேன்னுதான்..." என்றார் அப்பா.

"எம்புள்ள சாகக் கெடந்தப்ப, யாரோ ஒருத்தவங்க அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

என் பத்து விரல்களையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு அம்மா அழுதார். "தப்புதான்" என்று மட்டும் சொன்ன அப்பா, அன்று வேலைக்குப் போகாமல் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா திரும்பிப் போகவில்லை. அடுத்த மாதமே அப்பாவோடு மலைக்குப் பால் வெட்டப் போனார். கோடு மெல்ல மெல்ல நுனிக்கு நகர்ந்து, ஒரு நாள் அம்மா வெட்டிய நகத்துண்டோடு உதிர்ந்தது.

இன்று அந்த லயம் இல்லை. மலையில் றப்பர் போய் எண்ணெய்ப்பனை நிற்கிறது. அம்மாவும் அப்பாவும் டவுனுக்குப் பக்கத்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டார்கள். நான் கொழும்பிலிருந்து பேசும்போது லேசாகத் தும்மினால் போதும், அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா, புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு, வந்து பேசு!" என்று கூவுவார், நான் மறுத்துச் சொல்வதற்குள் போன் அம்மா கைக்கு மாறியிருக்கும்.