வாசலில் நின்றவர்

பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த அப்பா, ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் வாசல்காவல். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். உள்ளே நீதிபதி, வங்கி மேலாளர், பெரிய டாக்டர் எல்லாம் கூடியிருக்க, இவர் மூடிய கதவுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்பார். இவரும் உறுப்பினர்தான். ஆனால் யாராவது ஒருவர் வெளியே நின்றாக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறீங்க, வாயை மட்டும் திறக்க மாட்டேங்கிறீங்க. உள்ள என்னதாங்க நடக்குது?" என்பாள் அம்மா.

"எனக்கென்ன தெரியும்? நான் வெளியில இல்ல நிக்கிறேன்."

இருபத்தாறு வருடம் இதே பதில்.

மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தபோது அந்தக் கதவு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மருத்துவமனையின் தலைமை டாக்டர் அந்தச் சங்கத்துக்காரர். சங்கத்துக்காரர்களுக்கே உரிய ரகசியக் கைகுலுக்கலில் வாங்கிய வேலை என்று வார்டில் அவளுக்குக் 'கைகுலுக்கல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாருக்கும் பிடிபடாத நரம்பை ஒரே ஊசிக் குத்தில் பிடித்தாலும், "எல்லாம் கைகுலுக்கின ராசி" என்பாள் மூத்த நர்ஸ்.

மனம் பொறுக்காமல் ஒருநாள் அப்பாவிடமே கேட்டாள்.

"எனக்காக டாக்டர்கிட்ட பேசினீங்களாப்பா?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"அது அங்க பேசினதும்மா. இங்க சொல்லக்கூடாது."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. பதினோரு வருடம் அந்தச் சம்பளத்தை யாருடையதோ போல வாங்கினாள்.

அப்பா போன மூன்றாவது வாரம், ஓய்வு பெற்றுவிட்ட அந்த டாக்டர் துக்கம் விசாரிக்க வந்தார்.

"உங்கப்பா என்கிட்ட கேட்டது ஒரே ஒரு உதவிதான்மா. உன் இன்டர்வியூவுக்கு முதல் நாள் கூட்டம். உள்ள போகப்போன என்னை நிறுத்தி, 'நாளைக்கு என் பொண்ணு வர்றா. அந்த மேசையில நீங்க உட்காரக்கூடாது'ன்னார். கையில வாள் வேற." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் லீவு போட்டுட்டேன். உன்னை எடுத்த மூணு பேருக்கும் உங்கப்பா யாருன்னே தெரியாது."

"இதை அவர் சொல்லவே இல்லையே டாக்டர்."

"வாசல்ல பேசினதும் சங்க ரகசியம்னு நினைச்சிருப்பார். அப்படி விதியெல்லாம் இல்ல. உனக்குத் தெரியும்னுதான் நான் இருந்தேன்."

அவர் போன பிறகு அப்பாவின் கறுப்புக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, வேலை அவளுடையதாக இருக்கட்டும் என்று நின்ற மனிதர்.

மறுநாள் காலை வார்டில் மூத்த நர்ஸ் குரல் கொடுத்தாள். "ஏய் கைகுலுக்கல், எட்டாம் படுக்கைக்கு நரம்பே கிடைக்கலை. வந்து பாரு."

அவள் போய் ஒரே குத்தில் ஊசியை ஏற்றினாள். பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத் திரும்பினாள்.

"எங்கப்பா பேசினது நிஜம்தான்க்கா. என்ன பேசினார்னு டீ குடிக்கும்போது சொல்றேன், வாங்க."