காத்தவராயன் சிப் காயவைத்த கதை

காத்தவராயனை நான் 'வா, போ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், தற்காலிக எலக்ட்ரீஷியன். நான் கார்டு ரூம் குமாஸ்தா, நிரந்தரம் வேறு. இப்போது எழுத உட்கார்ந்தால் பேனா 'அவர்' என்றுதான் போகிறது. எண்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் நடந்த ஒரு இரண்டு வாரக் கூத்துதான் அதற்குக் காரணம்.

உழவர்கரையில் எங்களுடையது சின்ன டி.பி. கிளினிக். பாரீசில் இருக்கும் ஒரு சங்கம் நடத்தியது. டி.பி.க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும். நம் ஜனங்கள் இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் கிளினிக் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். அப்படி வராமல் போனவர்களை நோயாளிகளின் கார்டுகளிலிருந்து பொறுக்கி எடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை. நாலாயிரம் கார்டு. தெருவாரியாக அடுக்கி, மூலையில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன். ஒரு புள்ளிக்கு ஒரு அர்த்தம், இரண்டு புள்ளிக்கு வேறு அர்த்தம். அது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் லீவு போட்டால் அந்த அறையே படுத்துவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைப்பானேன்.

காத்தவராயன் பதினெட்டு வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லைப் பூட்டிய பிறகு எங்களிடம் தற்காலிகமாக வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மில் கேட்டில் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போவார். திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் தூக்குச் சட்டியைத் திறந்ததும் மில் கதையும் திறந்துகொள்ளும்.

"புது மெஷினு வந்தா சார், இன்ஜினியரு பேனலத் தொறக்கறதுக்கு முன்னாடி என்னப் பார்த்து, போயி டீ வாங்கிட்டு வாம்பாரு. நான் வந்து பார்த்தா மூடியிருக்கும். எதனால ஓடுது, எதனால எரிஞ்சுது, ஒன்னும் சொல்ல மாட்டாங்க. எரிஞ்ச மோட்டாரு காயிலப் பிரிச்சி, ஒவ்வொரு சுத்தா எண்ணி எண்ணித்தான் கத்துக்கிட்டேன்."

நானும் தலையாட்டிக்கொண்டே என் சோற்றைப் பிசைவேன். எவ்வளவு மோசமான மனிதர்கள் என்று 'ச்சு' கொட்டுவேன்.

பாரீஸ் சங்கம் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை அனுப்பியபோது அதற்கு பிளக் இருந்த காரணத்தால் அது காத்தவராயன் பொறுப்புக்குப் போயிற்று. நாலாயிரம் கார்டும் அதற்குள் ஏற வேண்டும் என்றார்கள். அதன் ஃப்ளாப்பியில் நெல்லித்தோப்புத் தெருக்களின் கார்டுகளைக்கூட முழுசாக அடைக்க முடியவில்லை. உடனே ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் அனுப்பி வைத்தார்கள். காத்தவராயன் அதைப் பொருத்தினார். கம்ப்யூட்டர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் முதலில் கண்விழித்து, கை இருக்கிறதா கால் இருக்கிறதா என்று தன்னையே தடவிப் பார்க்கிற சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. அதற்கு பயாஸ் என்று பெயர். உள்ளே ஒரு சிப்பில் அது எழுதியிருக்கும். எங்கள் மெஷினில் இருந்தது பழைய பயாஸ். ஹார்ட் டிஸ்க் என்று ஒரு உறுப்பு உண்டு என்பதே அதற்குத் தெரியாது. புது பயாஸை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். வேறொரு சிப்பில் அதை எழுதிப் பழைய சிப் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். கூடவே பிரெஞ்சில் ஒரு கடிதம். அதை வாசித்துச் சொன்னவன் நான். மாசிக் கடைசியில் மேற்பார்வைக்குப் பாரீசிலிருந்து மதாம் ஒருவர் வருகிறார், அதற்குள் ஹார்ட் டிஸ்க் வேலை செய்யாவிட்டால் மெஷினை மதராஸ் கிளினிக்குக்கு மாற்றிவிடுவார்கள் என்று எழுதியிருந்தது.

கிளினிக்கின் பொறுப்பாளரான எங்கள் திரெக்தேர் அந்தோணி அதை இன்னும் விளக்கமாகச் சொன்னார். "மெஷின் இருந்தா உனக்குப் பர்மனென்ட் போட்டுடலாம், காத்தவராயா. மெஷின் போச்சுன்னா எலக்ட்ரீஷியன்னு தனியா ஒரு ஆள வச்சுக்க எனக்கு வழியில்ல."

மெஷின் ஓடாமல் போகட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கார்டு எல்லாம் அதற்குள் ஏறிவிட்டால் என் புள்ளிகளை யார் சீந்துவார்கள்? ஒருநாள் காத்தவராயன் கார்டு ரூம் வாசலில் நின்று, "சார், இந்தப் புள்ளியெல்லாம் என்னான்னு சொன்னா, ஏத்தறதுக்கு ஏத்த மாதிரி பட்டியல் போட்டு வெச்சுக்குவேன்" என்றார். "அதுக்கெல்லாம் இப்ப என்ன அவசரம்? போய் ரெண்டு டீ சொல்லு" என்று அனுப்பிவிட்டேன்.

லாசுப்பேட்டையில் ஒரு தொழிற்கல்விக் கூடத்தில் சிப்பில் எழுதும் கருவி இருந்தது. அங்கே லேப் உதவியாளர் கலியமூர்த்தி நல்ல மனிதர். புது சிப்புக்கு மதராசில் இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றதும், மாணவர்கள் ஏதோ எழுதிப் பழகிய பழைய சிப் ஒன்றைத் தன் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் முதுகில் கடலை அளவுக்கு ஒரு ஜன்னல். அதன் வழியாகப் புற ஊதாக் கதிரைக் காட்டினால் உள்ளே எழுதியிருப்பது அழியும், பிறகு புதிதாக எழுதலாம். அழிக்கிற விளக்கு அங்கே பழுதாகிக் கிடந்தது. "விளக்கு இல்லன்னா வெயிலு. ஒரு வாரம் நல்ல வெயில்ல வெச்சா அதே வேலதான் நடக்கும்" என்றார் கலியமூர்த்தி.

சனிக்கிழமை காலையில் நெல்லித்தோப்பில் தன் வீட்டு மொட்டை மாடியில் காத்தவராயன் அந்த சிப்பை வைத்தார். அதன் கம்பிக் கால்களைச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் பொதிந்து, ஜன்னலைத் துடைத்து, மனைவி ஆதிலட்சுமியிடம், "இது வெயில்ல இருக்கணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காலையில் இருட்டோடு போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மில் கேட். சிப் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவரை என் மொபெட்டில் லாசுப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். உதவி என்று அவர் நினைத்துக்கொண்டார். முடிவை நேரில் பார்க்கும் ஆசை எனக்கு. கலியமூர்த்தி சிப்பைக் கருவியில் செருகினார். அழிந்திருந்தால் திரையில் எல்லா இடத்திலும் ஒரே எழுத்து வர வேண்டுமாம். மாணவர்கள் எழுதியது பெரும்பாலும் அப்படியே இருந்தது.

"எதுனா கண்ணாடிக்குள்ள வெச்சிங்களா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"என்னா சார், எனக்கு அதுகூடத் தெரியாதா?" என்று கேட்ட காத்தவராயனின் முகம் சுண்டிப் போயிற்று.

வெயில் இறங்குமுன் நெல்லித்தோப்புக்கு வந்துவிட்டோம். மாடியில் சிப் இருந்த இடத்தில் ஊறுகாய் பாட்டில் ஒன்று கவிழ்ந்திருந்தது. ஆதிலட்சுமி வற்றல் மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார்.

"இது என்னாடி?"

"பாட்டிலு. மொத நாளே ஒரு காக்கா வந்து மூக்க நீட்டுச்சி. நீ வர்ற நேரத்துக்கு எடுத்துடுவேன். இன்னைக்கும் காலையில பழக்கதோஷத்துல கவுத்துட்டேன், சிப்பு இல்லியேன்னு அப்பிடியே விட்டுட்டேன்."

காத்தவராயனுக்கு அப்படி ஒரு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "உன்ன எவ மூடச் சொன்னா? ஒரு வாரம் போச்சு! என் வேலயே போச்சு!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார்.

"வெயில்ல வைன்ன, வெச்சேன். எலுமிச்சங்கா ஊறுகா பாட்டிலுக்குள்ளதான வெந்து எறங்குது? தொட்டாக் கை சுட்டுது. இன்னும் நல்லா அழியும்னுதான் நெனச்சேன்."

"சூடு இல்லடி, வெளிச்சம்! கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரு அதுல இருக்குது. கண்ணாடி அத்தத் தடுத்துடும்."

"இத்த அன்னைக்கே சொல்றதுக்கு என்னய்யா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு. மில்லுல எனக்கு எவனும் ஒன்னும் சொல்லித் தரலன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். என்னையும் டீ வாங்கத்தான அனுப்புன?"

காத்தவராயன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இருந்தாலும் அந்தக் கேள்வி என் மேலும்தான் விழுந்தது. வெட்கமாக இருந்தது.

காத்தவராயன் சட்டைப் பையிலிருந்து சிப்பை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். இந்த ஜன்னல் எதற்கு, உள்ளே எழுத்து எப்படி நிற்கிறது, கதிர் பட்டால் ஏன் போகிறது என்று கலியமூர்த்தி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். ஆதிலட்சுமி குறுக்கே குறுக்கே கேட்டார். இவர் பொறுமையாகப் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார்.

"எப்ப வர்றாங்க அந்த மதாம்?"

"வர்ற சனிக்கெழம சாயந்தரம். ஆறு நாளுதான் வெயிலு இருக்குது. ஏழு நாளு வேணும்."

ஆதிலட்சுமி சிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படுக்க வெச்சா உச்சி வெயிலு மட்டுந்தான நேரா உள்ள எறங்கும்? காலையிலயும் சாயந்தரமும் சாஞ்சில்ல விழுவுது. சூரியன் போற பக்கமெல்லாம் இத்தத் திருப்பிக்கிட்டே இருந்தா?"

பதினெட்டு வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டிய மனிதர் சிப்பை வாங்கி, சாய்கிற வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு தட்டில் அரிசியைக் கொட்டி, அதில் சிப்பைச் சூரியனுக்கு முகம் காட்டிச் சாய்த்து நிறுத்தினார் ஆதிலட்சுமி. சூரியன் நகர நகரத் தட்டும் நகர்ந்தது, சிப்பும் நிமிர்ந்தது. தலையில் ஈரத்துண்டு, கையில் காக்காய் விரட்ட ஒரு குச்சி. அந்த ஞாயிறு காத்தவராயன் மில் கேட்டுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை மாசி மகம். தெருவே வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி பார்க்கப் போய்விட்டது. நான் மாடி ஏறியபோது ஆதிலட்சுமி மட்டும் வெயிலில் உட்கார்ந்து ஒரு மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நெழலு விழுவுது, தள்ளி நில்லுங்க சார்" என்றார். நின்றேன். கதிர், கண்ணாடி, ஜன்னல் எல்லாம் எனக்கு விளங்கியது அந்த அம்மாள் சொல்லித்தான். இறங்கி வரும்போது என் பழைய வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கலியமூர்த்தி சிப்பைச் செருகினார். திரை முழுக்க ஒரே எழுத்து, முதலிலிருந்து கடைசிவரை. ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுப் புது பயாஸை எழுதி, ஜன்னல் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தார். கிளினிக்கில் காத்தவராயன் பழைய சிப்பைப் பெயர்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு புதியதை அழுத்தி வைத்தார். சுவிட்சைப் போட்டார். ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு இரண்டுமுறை சிமிட்டியது. பிறகு அது சுற்றுகிற சத்தம் கேட்டது.

சாயந்தரம் வந்த மதாம், விளக்கு இல்லாமல் எப்படி அழித்தீர்கள் என்று கேட்டார். காத்தவராயன் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். "ஆறு நாளு வெயில்ல உக்காந்து அழிச்சது என் வூட்டுக்காரி, ஆதிலட்சுமி. அதுக்கு முன்னாடி ஒரு வாரத்த வீணாக்குனது நானு. அவகிட்ட வெவரம் சொல்லாம வுட்டுட்டேன்." திரெக்தேர் கடைசி வாக்கியத்தை விட்டுவிடும்படி எனக்குக் கண்ஜாடை காட்டினார். நான் விடவில்லை.

மெஷின் மதராஸ் போகவில்லை. காத்தவராயனுக்குச் சித்திரையில் நிரந்தர உத்தரவு வந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முந்திய திங்கட்கிழமை, மதாம் வந்துபோன மூன்றாம் நாள். காலையில் காத்தவராயன் பழையபடி கார்டு ரூம் வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்தப் புள்ளி..."

போய் டீ சொல்லு என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். இழுப்பறையைத் திறந்து முதல் கார்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"உள்ள வாங்க காத்தவராயன், உக்காருங்க. ஒரு புள்ளின்னா மருந்த நிறுத்தினவங்க" என்று ஆரம்பித்தேன்.