கவிழ்த்து வைத்த தட்டு

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும் தேதியம்மா முதலில் பார்ப்பது தண்ணீர் டம்ளரைத்தான். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், பால் பாக்கெட்டுகளுக்கும் தயிர்ப் பாத்திரத்துக்கும் நடுவில் அது இருக்கும். பாதித் தண்ணீர், அதற்குள் சாய்ந்து நிற்கும் ஒரு வெப்பமானி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து படிப்பார். "மூணு டிகிரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அடுப்பைப் பற்றவைப்பது, வெங்காயத்தைக் கையில் எடுப்பது, வாசலில் நிற்கும் எங்களுக்கு "வாங்க" சொல்வது எல்லாம் அதற்குப் பிறகுதான். அது நாலைத் தாண்டியிருந்தால் அன்று காலை யாரும் அவரிடம் காபி கேட்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

நில வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் எங்களுடையது. நாற்பத்திரண்டு பேர் நாள் முழுக்கக் கோடு போடுகிறோம். ஒரு மணி ஆனதும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டுப் பின்கட்டு உணவறைக்கு ஓடுகிறோம். அங்கே ஆறு வருடமாகச் சமைப்பவர் தேதியம்மா. அவர் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருப்பதால், அலுவலகத்தில் மற்றவர்களுக்குத் தெரியாத சில சங்கதிகள் எனக்குத் தெரியும். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

தேதியம்மா என்ற பட்டப்பெயருக்குக் காரணம் வெள்ளை டேப். ஃப்ரிட்ஜுக்குள் போகும் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டுவார். 'கோழி, செவ்வாய், காலை 8.10' என்று தடித்த பேனாவில் எழுதியிருக்கும். மணி எழுதாமல் நாள் மட்டும் எழுதினால் அவருக்குப் பொறுக்காது. "செவ்வாய்க்கிழமைன்னா காலையிலயா சாயங்காலமா? அதுக்குள்ள பத்து மணி நேரம் இருக்குல்ல" என்பார். எங்கள் அளவையாளர் ஒருவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர் என்று பெயர் வாங்கியவர், ஒருநாள் தன் நாற்காலி முதுகில் 'வைத்த தேதி தெரியவில்லை' என்று டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். ஒட்டியது யாரோ. ஆனால் கையெழுத்தைப் பார்த்த தேதியம்மா, "என் டேப்பை வீணாக்குனது யாருன்னு தெரியும், நாளைக்குத் தட்டோட வருவாருல்ல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் எனக்கு ஒரு கரண்டி குறைவாகவே விழுந்தது.

பச்சைக்கறிக்கு அவர் ஒதுக்கியிருப்பது ஃப்ரிட்ஜின் கடைசித் தட்டு. விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டத்தில், மூடி போட்டு, மற்ற எதனோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும். ஏன் இப்படிக் கீழே தள்ளிவிட்டீர்கள் என்று கேட்டேன். "பச்சைக்கறி அழும் சார். எப்படிக் கட்டி வச்சாலும் கொஞ்சம் அழுதுரும். மேல வச்சா, கீழ இருக்கற தக்காளி, வெள்ளரிக்கா எல்லாத்துக்கும் தலை நனையும். அதுக்குக் கீழ யாருமே இருக்கக் கூடாது" என்றார். அதன்பின் என் வீட்டு ஃப்ரிட்ஜில் இறைச்சிப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். மல்லித்தழைக்கு நேர் மேலே இருந்தது. யாரிடமும் சொல்லாமல் இடம் மாற்றினேன்.

கழுவுகிற விஷயத்தில் மட்டும் நான் எளிதில் மசியவில்லை. கோழியைக் குழாய்க்கடியில் பிடித்து நாலு தண்ணீர் அலசாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அதைச் சொன்னதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க கோழியைக் கழுவல சார். கோழித்தண்ணியால சமையல்கட்டைக் கழுவுறீங்க. தெறிக்கறது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அடுப்புச் சூடு பாத்துக்கும், நீங்க உங்க கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவுங்க." ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு விட்டுவிட்டேன்.

மசாலா ஊறவைப்பதைப் பார்க்கவேண்டும். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரம்தான். அலுமினியத்தில் வைத்தால் எலுமிச்சையும் தயிரும் பாத்திரத்தையே அரித்துவிடும் என்பார். தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் குழைத்து முடித்ததும், கறியைத் தொடுவதற்கு முன்னால், மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, மூடி, டேப் ஒட்டி மேல்தட்டுக்கு அனுப்பிவிடுவார். அதன் பிறகே கறி பாத்திரத்தில் விழும். "கறி தொட்டது கறிக்கு, தொடாதது நமக்கு" என்று அப்போது முணுமுணுப்பார். வெந்த கறிமேல் தடவவோ குழம்பில் சேர்க்கவோ அந்தத் தனிக் கிண்ணம்தான். கறி ஊறிய மசாலாவில் மிச்சம் இருந்தால் நேரே கொட்டிவிடுவார். ஒரு துளி எண்ணெய் சிந்தினால்கூட வருத்தப்படும் பெண்மணி, அந்த மிச்சத்தைக் கொட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் அவரே சொன்னதுதான். ஏழு வருடத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வந்தது. கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் கணவர், ஊரைக் கூட்டாத குறையாகச் சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைத்துவிட்டார். தேதியம்மா மூன்று கிலோ கோழியை மசாலா தடவி, புது ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க ஊறவைத்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை. மறுநாள் இரும்புத் தட்டில் வாட்டி எடுத்தபோது துண்டுகள் கொஞ்சம் வறண்டு தெரிந்தன. பாத்திரத்தின் அடியில் கறி ஊறிய மசாலா ஒரு கை இருந்தது. நல்ல தயிர், நல்ல எலுமிச்சை, எதற்கு வீணாக்குவது என்று, அதை வெந்த துண்டுகளின்மேல் பளபளவென்று தடவிப் பரிமாறினார்.

"கொதிக்க வச்சு ஊத்தியிருந்தாக்கூட தப்பிச்சிருக்கலாம் சார். பச்சையாத் தடவிட்டேன்."

ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். எட்டுப் பேர் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். எழாதவர் கணவரின் அக்கா. தையல் பள்ளி நடத்துகிறவர், தாயில்லாத தம்பியை மடியில் போட்டு வளர்த்தவர். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அதில் இரண்டு நாள் பேச்சு மூச்சில்லாமல். அவருக்கு ஏன் அவ்வளவு என்றால், தம்பி மனைவியின் கைப்பக்குவத்தைப் பாராட்டி இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சுகாதார ஊழியர், என்ன சமைத்தீர்கள், எப்படிச் சமைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, மிச்ச மசாலாவை என்ன செய்தீர்கள் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாராம். அந்தப் பேனா நின்றது தனக்கு இன்னும் தெரிகிறது என்பார் தேதியம்மா. அடுத்த வருடம் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்தபோது, முன் அனுபவம் உண்டா என்று மேலாளர் கேட்டார். "ஒன்பது பேரைப் படுக்க வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார். மேலாளர் அடுத்துக் கேட்டது, என்றைக்கு வரமுடியும் என்றுதான்.

நாத்தனார் உறவை முறித்துக்கொள்ளவில்லை. சண்டை போடவில்லை, ஒரு சொல் சொல்லவும் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு வருவார், தம்பியோடு சிரித்துப் பேசுவார், தேதியம்மாவின் ரவிக்கைக்கு அளவெடுத்துப் போவார். சாப்பாட்டு நேரம் வந்தால் தன் துணிப்பையிலிருந்து தன் டிபன் கேரியரையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொள்வார். "டாக்டர் வெளிச்சாப்பாடு வேணாம்னாரு" என்று முதல் தடவை சொன்னதோடு சரி. தம்பி வீடு அவருக்கு வெளியாகிவிட்டது. திட்டியிருந்தால் தேதியம்மா ஒரு மாதம் அழுது முடித்திருப்பார். திட்டாததுதான் ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஏழு வருடமும் தேதியம்மா ஒன்றை விடாமல் செய்தார். சாப்பாட்டு மேசையில் நாத்தனார் உட்காரும் இடத்தில் ஒரு தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார். நிமிர்த்தி வைத்தால் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது போலிருக்கும், வைக்காமலே இருந்தால் விலக்கிவிட்டது போலிருக்கும். சாப்பாடு முடிந்ததும் அந்தத் தட்டைத் திரும்பவும் கழுவி அடுக்குவார். "நாப்பத்திரண்டு பேரு தெனமும் என் கையால சாப்பிடுறீங்க சார். ஒருத்தர் சாப்பிடல. எனக்கு அந்த ஒருத்தர் கணக்குதான் தெரியுது" என்று ஒருமுறை சொன்னார்.

போன மாதம் நாத்தனார் போனில், பேச்சோடு பேச்சாக, "அடுத்த ஞாயித்துக்கிழமை கறி எடுத்து வையி, வரேன்" என்றார். தேதியம்மா இதை எனக்குச் சொல்ல மாடியிலிருந்து இறங்கி வந்தபோது கையில் மாவு. "நீங்களும் வாங்க சார். அண்ணி தனியாச் சாப்பிடக் கூச்சப்படுவாங்க" என்றார். கூச்சப்பட்டது யார் என்று எனக்குத் தெரியும், போனேன்.

சனிக்கிழமை காலை கடை திறந்த கையோடு வாங்கிய கோழி, எட்டு ஐம்பதுக்கு மசாலாவில் இறங்கி, கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தது. ஞாயிறு காலை ஆறரைக்கு அவர் பார்த்தபோது, வீட்டு ஃப்ரிட்ஜிலும் அதேபோல் டம்ளரில் வைத்திருக்கும் வெப்பமானி மூன்று காட்டியது. ஏழு மணிக்குக் கணவர் சந்தையிலிருந்து ஒரு தர்ப்பூசணியோடு வந்தார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து உயிர். குளிரவைத்துக் கொடுக்கலாம் என்று, மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு குழந்தையளவு இருந்த அந்தப் பழத்தை நடுத்தட்டில் திணித்து, டம்ளரை ஓரமாகத் தள்ளி, முழங்காலால் கதவைச் சாத்தினார். கதவு சாத்தியது போலத்தான் இருந்ததாம். வெளிவேலை, வீடு துடைப்பது, நாத்தனாரை அழைத்து வர பஸ் நிறுத்தத்துக்குப் போவது என்று தேதியம்மாவுக்கும் அதன்பின் ஃப்ரிட்ஜ் பக்கம் போக நேரமில்லை.

பதினொன்றரைக்கு அவர் சமையலறைக்குள் போனார். பாத்திரம் இறக்கும் சத்தம் வரவில்லை. நானும் அவர் கணவரும் எட்டிப் பார்த்தோம். ஃப்ரிட்ஜ் கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. வெப்பமானி பன்னிரண்டு காட்டியது.

"எத்தனை மணிக்கு வச்சீங்க?"

"ஏழு இருக்கும்" என்றார் கணவர். கண்ணாடிப் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்தார். "ஒண்ணும் ஆகல. நீயே மோந்து பாரு, நல்லாத்தான மணக்குது."

"அன்னைக்கும் நல்லாத்தாங்க மணந்துச்சு."

ஓடிப்போய் வேறு வாங்கி வருகிறேன் என்றார் அவர். காலையிலிருந்து வெயிலில் தொங்கி மிஞ்சியதையா என்றார் தேதியம்மா. அப்படியானால் கடையில் கறியே கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிடலாம், ஏழு வருடம் கழித்து இன்றைக்குப் போய் இதைச் சொன்னால் அக்கா திரும்ப வரவே மாட்டாள் என்று அவர் கெஞ்சினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேதியம்மா பாத்திரத்தின் டேப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

நாத்தனார் மேசையில் உட்கார்ந்திருந்தார், முன்னால் தட்டு கவிழ்ந்திருந்தது. காலடியில் துணிப்பை. அதன் வாயில் கேரியரின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சாப்பிடுகிறேன் என்று சொன்னவர், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருக்கிறார்.

"அண்ணி, கறி போச்சு. கதவு சரியாச் சாத்தாம நாலரை மணி நேரம் கெடந்துருக்கு. கொட்டப் போறேன்."

நாத்தனார் பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு தேதியம்மாவின் முகத்தைப் பார்த்தார். "மோந்து பாத்தியா?"

"இல்லண்ணி. மோந்து பாத்தா மனசு மாறிரும்."

தம்பி வாயைத் திறந்தார். "நீ சும்மா இருடா" என்றார் அக்கா.

தேதியம்மா கறியை இரண்டு உறைக்குள் போட்டு முடிச்சிட்டுக் குப்பையில் சேர்த்தார். தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்த மசாலாவையும் பாலையும் தயிரையும் கொட்டினார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அழவில்லை, ஆனால் குழாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். சோறும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் சுடச்சுட மேசைக்கு வந்தன. எங்களுக்குப் பரிமாறினார். கவிழ்ந்த தட்டுக்கு எதிரில் வந்தபோது, வழக்கம்போல, கரண்டியோடு அதைத் தாண்டிப் போனார்.

நாத்தனார் குனிந்து பையிலிருந்து கேரியரை எடுத்து மேசைமேல் வைத்தார். தம்பி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆனால் அக்கா கேரியரைத் திறக்கவில்லை. அதைத் தம்பி மனைவியின் பக்கமாகத் தள்ளினார்.

"இதையும் கொட்டிரும்மா. காலையில ஆறு மணிக்குக் கட்டுனது."

நாத்தனார் தன் முன்னால் இருந்த தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.